கக்கின எலியைத் தூக்கிப் போட்டுடாதீங்க

செல்லப் பிராணி டாக்டர் பதில்கள்

இந்தத் தடவை பாம்பு வளக்கிறவங்க அனுப்பின கேள்வியை மட்டும் தனியா எடுத்து வச்சேன், ஏன்னா எல்லாக் கேள்வியும் சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து நிக்குது, வயிறு. நாய்க்கு வயித்து வலின்னா முனகும், பூனை மூலையில போய்ப் படுத்துக்கும், பாம்பு ஒண்ணும் காட்டாது. அது நமக்குக் காட்டுறது ரெண்டே ரெண்டுதான், வாய் வழியா கக்கினது, பின்னாடி போட்ட எச்சம். அந்த ரெண்டையும்தான் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு மொதல்ல குப்பையில போட்டுட்டு அப்புறமா எனக்கு எழுதுறாங்க.

கேள்வி: டாக்டர் மேடம், என்கிட்ட ஒரு வயசு பால் பைத்தான் இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி எலி குடுத்தேன், மூணாவது நாள் கக்கிடுச்சு. பசியா இருக்குமேன்னு மறுநாளே இன்னொரு எலி குடுத்தேன், அதையும் கக்கிடுச்சு. குரூப்ல கேட்டா குடல்புழுதான், ஆல்பெண்டசோல் மாத்திரையை நுணுக்கி எலி வாயில வச்சுக் குடுங்கன்றாங்க. குடுக்கலாமா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: குடுக்காதீங்க தம்பி. மாத்திரையும் வேணாம், இப்போதைக்கு எலியும் வேணாம்.

மொதல்ல பாம்போட வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. நம்ம வயிறு நாள் பூரா அமிலத்தோட ரெடியா இருக்கும், உங்க பால் பைத்தான் மாதிரி மலைப்பாம்பு வகைக்கு அப்படி இல்ல, இரை இல்லாதப்ப கடையைச் சாத்திடும். ஸ்டீபன் செகோர், ஜாரெட் டயமண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1990கள்ல பர்மா மலைப்பாம்பை வச்சு இதை விலாவாரியா ஆராய்ச்சி பண்ணாங்க. பட்டினியில இருக்கிற பாம்போட வயித்துல அமிலமே கிட்டத்தட்ட இல்ல, இரை உள்ள போனதும் ஒண்ணு ரெண்டு நாள்ல அமிலத்தை அளக்கிற பிஹெச் (இது குறையக் குறைய அமிலம் ஜாஸ்தி) 1.5 வரைக்கும் இறங்குது, சிறுகுடலோட எடை ரெண்டு மடங்கு ஆகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, இதயமே 40 சதவீதம் பெருசாகுதுன்னு 2005ல இன்னொரு ஆய்வுல வந்துச்சு. இவ்வளவு வேலையும் நடக்கணும்னா உடம்புக்கு சூடு வேணும், அதோட சூடு வெளியிலருந்துதான் வரணும். சூடு பத்தலைன்னா அமிலம் எலியைக் கரைக்கிறதுக்கு முன்னாடி எலி உள்ளயே அழுக ஆரம்பிச்சுடும், அழுகினதை வெளிய தள்ளுறதுதான் பாம்புக்குத் தெரிஞ்ச ஒரே தற்காப்பு.

அதனால நான் கேக்குற மொதல் கேள்வி புழுவைப் பத்தி இல்ல. உங்க பெட்டிக்குள்ள டெம்பரேச்சர் எவ்வளவு? கோவையில மார்கழி ராத்திரி குளிர் என்னன்னு உங்களுக்கே தெரியும், ஹீட்டிங் பேட் போட்டிருக்கேன்னு சொல்வீங்க, கையை வச்சா வெதுவெதுன்னு இருக்குன்னும் சொல்வீங்க, அது அளவே இல்ல. சூடான பக்கம் 31லருந்து 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25லருந்து 27, இதை தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் பாருங்க, கரண்ட் போனா என்ன ஆகுதுன்னும் பாருங்க. தெர்மோஸ்டாட் இல்லாத பேட் இன்னொரு ஆபத்து, வயித்தைப் பொசுக்கிடும்.

அடுத்தது எலி சைஸ். பாம்போட உடம்புல தடியான இடம் எவ்வளவோ அவ்வளவுதான் எலி இருக்கணும். சாப்ட்டதும் கையில எடுத்து போட்டோ எடுத்தீங்களா? ரெண்டு நாள் தொடவே கூடாது. நான் பாக்குற கக்கல் கேஸ்ல பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான் காரணம்.

நீங்க பண்ணின பெரிய தப்பு மறுநாளே திரும்பக் குடுத்தது, கோவிச்சுக்காதீங்க, பாசத்துல பண்ணினதுதான், ஆனா சொல்லியே ஆகணும். கக்கும்போது எலியோட சேர்த்து அமிலம், தண்ணிச் சத்து, குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியா எல்லாம் போகுது, உணவுக்குழாய் புண்ணாகி இருக்கும். குறைஞ்சது பத்துலருந்து பதினாலு நாள் வெறும் தண்ணி மட்டும். அப்புறம் வழக்கமா குடுக்கிற எலில பாதி சைஸ்ல ஒண்ணு, முழுக்க செரிச்சு எச்சம் போட்டா மட்டும் அடுத்தது. ஆரோக்கியமான பால் பைத்தான் ரெண்டு வாரம் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா திரும்பத் திரும்ப கக்குற பாம்பு சாகும்.

இதெல்லாம் சரி பண்ணியும் கக்கினா, அப்ப கக்கின எலியையும் அதைச் சுத்தி இருக்கிற கோழையையும் ஒரு டப்பாவுல, புது எச்சத்தை இன்னொரு டப்பாவுல போட்டு, காயாம அன்னிக்கே லேபுக்குக் கொண்டு போங்க. உடனே முடியலைன்னா ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல இல்ல. மைக்ரோஸ்கோப்ல பாக்குறவங்ககிட்ட பாம்பு எலி சாப்பிடுறதுன்னு கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா எலி வயித்துல இருந்த ஊசிப்புழு முட்டை, எலியோட நாடாப்புழு முட்டை, எலி ரோமத்துல இருந்த உண்ணி எல்லாம் பாம்பு வழியா சும்மா பயணம் பண்ணி வெளிய வரும். அதைப் பாத்துட்டு பாம்புக்குப் புழுன்னு மருந்து குடுத்த கேஸ் நான் எத்தனையோ பாத்துட்டேன்.

மாத்திரை ஏன் வேணாம்னா, ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் எல்லாம் ஒரே குடும்பம், அளவு மீறினா எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுவைக் குறைக்கும். மனுஷனுக்கான 400 மில்லிகிராம் மாத்திரையை ஒண்ணரைக் கிலோ கூட இல்லாத பாம்புக்கு எந்தக் கணக்குல நுணுக்குவீங்க? கொக்கிப்புழு, உருண்டைப்புழுன்னு பேரோட ரிப்போர்ட் வரட்டும், எடை போட்டு அதுக்கேத்த அளவை டாக்டர் சொல்லட்டும்.

இன்னொண்ணு. பாம்பு வச்சிருக்கிறதுக்குப் பேப்பர் இல்லையேன்னு டாக்டர்கிட்ட போகப் பயப்படுறவங்க நிறைய பேர், நீங்களும் அதனாலதான் குரூப்ல கேட்டீங்களோன்னு தோணுது. பால் பைத்தான் சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, 2022 வனவிலங்கு சட்டத் திருத்தமும் 2024 பிப்ரவரில வந்த விதிகளும் இதை பரிவேஷ்ங்கிற மத்திய அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணச் சொல்லுது. அதை முறையா முடிச்சுடுங்க. பயத்துல வைத்தியம் தள்ளிப் போறதுல கஷ்டப்படுறது அந்தப் பாம்புதான்.

கேள்வி: வணக்கம் டொக்டர். என்ர மகனுக்குப் பன்ரெண்டு வயசு, ரெண்டு வருசமா ஒரு கோர்ன் ஸ்நேக் வளக்கிறான். மூண்டு மாசமா எலி குடுத்து மூண்டு நாலு நாளில சத்தி எடுத்துப்போடுது. ஆள் நல்லா மெலிஞ்சு போச்சு, ஆனா நடு உடம்பில மட்டும் முட்டை விழுங்கின மாதிரி ஒரு வீக்கம். இஞ்ச டொக்டரிட்டக் காட்டினனாங்கள், கிரிப்டோவா இருக்கலாம் எண்டு டெஸ்ட் எடுத்தவை, ஒண்டும் இல்லை எண்டு வந்திட்டுது. அப்ப பயப்பிடத் தேவையில்லையோ? வீட்டில இன்னும் ரெண்டு பாம்பு இருக்கு. (ஒரு தாய், ஸ்காபரோ, கனடா)

பதில்: அக்கா, இந்தக் கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நல்ல செய்தி சொல்லணும்னு ஆசையாத்தான் இருக்கு, ஆனா ஒரு டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததை வச்சு நிம்மதி ஆகிடாதீங்க.

கிரிப்டோன்னு சொல்றது கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ்ங்கிற ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி, பாம்போட வயித்துச் சுவர்ல ஒட்டிக்கிட்டு வாழும். 1977லதான் பாம்புகள்ல இதை விவரமா எழுதினாங்க. இது இருக்க இருக்க வயித்தோட உள்சுவர் தடிச்சு மடிப்பு மடிப்பா ஆகி, நடுவுல இருக்கிற வழி குறுகிடும், நீங்க சொல்ற அந்த முட்டை மாதிரி வீக்கம் அதுதான். எலி போக வழி இல்ல, அமிலமும் சரியா சுரக்காது, அதனால மூணு நாலு நாள் கழிச்சு பாதி அழுகினது வெளிய வருது. மெலிவு, நடு உடம்பு வீக்கம், கக்கல் மூணும் சேர்ந்து வந்தா எங்க மனசு மொதல்ல இங்கதான் போகும். ஆனா கட்டி இருந்தாலும் வீங்கும், மண்ணோ மரத்தூளோ அடைச்சாலும் வீங்கும், அதனால ஸ்கேன், எக்ஸ்ரே ரெண்டும் கேளுங்க.

டெஸ்ட் விஷயம் என்னன்னா, இந்த ஒட்டுண்ணியோட முட்டைக்கூடு தினமும் வெளிய வராது, வரும், நிக்கும், திரும்ப வரும். அது வராத நாள்ல எடுத்த எச்சத்துல எதைத் தேடினாலும் கிடைக்காது. அதனால சில வார இடைவெளில திரும்பத் திரும்ப எடுக்கணும், மரபணுவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட் பண்ணணும், எச்சத்தை விட கக்கினதுல இருக்கிற கோழையிலயோ வயித்தைக் கழுவி எடுத்த தண்ணியிலயோ கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி. பாசிட்டிவ்னு வந்தாலும் எந்த இனம்னு பாக்கச் சொல்லுங்க, எலிக்கு வர்ற கிரிப்டோவும் எலியோட சேர்ந்து உள்ள போய் சும்மா வெளிய வரும், அதுக்குப் பாம்பைப் பலி குடுத்துடக் கூடாது.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம்னு சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு வீட்ல எட்டு கார்ன் ஸ்நேக், அதுல ஒண்ணு புதுசா வந்தது, லேசா கக்கல், ஒரு டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். பயப்பட ஒண்ணும் இல்லன்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட சொன்னது நான்தான். அவர் ஒரே இடுக்கி, ஒரே தண்ணிக் கிண்ணம்னு மாத்தி மாத்திப் புழங்கினார், நான் நிறுத்தச் சொல்லல. ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சு பாம்பு போச்சு, அஞ்சையும் நானே அறுத்துப் பாத்தேன், வயித்துச் சுவர் ஒவ்வொண்ணும் விரல் மடிப்பு மாதிரி தடிச்சுக் கிடந்துச்சு. அன்னிலருந்து கக்குற பாம்புக்கு ஒரே ஒரு டெஸ்ட்னு நான் எழுதினதே இல்ல.

அதனால ரிசல்ட் எப்படி வந்தாலும் இன்னிக்கே அந்தப் பாம்பைத் தனி அறைக்கு மாத்துங்க. மத்த ரெண்டுக்கும் மொதல்ல வேலையை முடிச்சுட்டு கடைசியா இதுகிட்ட போகணும், இதுக்குன்னு தனி இடுக்கி, தனி கிண்ணம், தனி துணி. ப்ளீச் ஊத்திக் கழுவினா செத்துடும்னு நினைக்காதீங்க, வீட்டு ப்ளீச்சுக்கு இது அசையாது. கொதிக்கிற தண்ணி, நீராவி, அப்புறம் நல்லா காய வைக்கிறது, இதெல்லாம்தான் வேலை செய்யும். மரக்கட்டை, கார்க் பட்டை மாதிரி ஓட்டை உள்ள சாமானைத் தூக்கிப் போட்டுடுங்க. அமோனியாவும் கொல்லும், ஆனா அதை ப்ளீச்சோட கலந்துட்டீங்கன்னா வர்ற புகை உங்க நுரையீரலைத் தாக்கும், அதனால வீட்ல அந்த முயற்சியே வேணாம். மத்த ரெண்டுக்கும் டெஸ்ட் எடுங்க, பாக்க நல்லா இருந்தாலும் சரி, அறிகுறி இல்லாம மாசக் கணக்குல சுமக்கிற பாம்பு உண்டு.

வைத்தியம்? பாரோமோமைசின்னு ஒரு மருந்து ஒட்டுண்ணி வெளிய வர்றதைக் குறைக்கும், மாட்டுச் சீம்பாலை வச்சு ஒரு சிகிச்சையும் முயற்சி பண்ணிருக்காங்க, ஆனா முழுசா ஒழிக்கும்னு உறுதியா சொல்லக்கூடிய மருந்து இன்னிக்கு வரைக்கும் கையில இல்ல. உறுதியாகி, சாப்பிடவே முடியாத நிலைக்கு வந்துட்டா, வலி இல்லாம தூங்க வைக்கிறதைப் பத்தி உங்க டாக்டர் பேசுவார், அவர் மேல கோவப்படாதீங்க. இந்த இனம் மனுஷங்களுக்குத் தொத்துறது இல்ல, மகன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கட்டும், கையைக் கழுவினா போதும். அவன்கிட்ட எதையும் மறைக்காதீங்க அக்கா. பன்னெண்டு வயசுப் பையன், எடை எழுதுற நோட்டை அவன் கையில குடுங்க, வாரா வாரம் எத்தனை கிராம்னு அவனே எழுதட்டும். அந்த நோட்டு டாக்டருக்கும் பெரிய உதவி.

கேள்வி: பெரிய கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்கு. கிங் ஸ்நேக்கையும் ஆமையையும் ஒண்ணா வச்சா ரெண்டுக்கும் சண்டை வருமா மேடம்? (வாசகர், சென்னை)

பதில்: சண்டை வராது, ஆனா பாம்பு செத்துடும். என்டமீபா இன்வாடென்ஸ்னு ஒரு அமீபா இருக்கு, 1934ல பேர் வச்சாங்க. இலை தழை தின்ற ஆமை வயித்துல இது பாட்டுக்கு சாதுவா இருக்கும், ஆமைக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அதே ஆமையோட எச்சம் கலந்த தண்ணியைப் பாம்பு குடிச்சா, பெருங்குடல் பூரா புண்ணாகி, ரத்தமும் கோழையுமா வெளிய போய், கல்லீரல் வரைக்கும் ஏறிடும். சாப்பிடாது, தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கும், கவனிக்காம விட்டா சில வாரத்துல முடிஞ்சு போயிடும். மெட்ரோனிடசோல் மருந்துக்குக் கேக்கும்தான், ஆனா கிங் ஸ்நேக்குக்கு அது கொஞ்சம் கூடினாலே நரம்புக்கோளாறு வரும், அதனால நீங்களா ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க. ஒரே தொட்டி வேணாம், ஒரே பக்கெட்டும் வேணாம், ஆமையைத் தொட்ட கையைக் கழுவாம பாம்புத் தொட்டில விடாதீங்க. அப்படியே ஆமைக்கு ஒரு எச்சரிக்கை, பாம்புக்கு உண்ணி மருந்தா வர்ற ஐவர்மெக்டின் ஆமை உடம்புல போனா ஆமை பிழைக்காது. அப்புறம் அந்த ஆமை நட்சத்திர ஆமையா இருந்தா அதை வீட்ல வச்சிருக்கிறதே குற்றம், வனத்துறைகிட்ட ஒப்படைங்க.

கேள்வி: தண்ணிக் கிண்ணத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பா மிதக்குது, பாம்பு நாள் பூரா தண்ணிலயே கிடக்குது. வெயிலுக்கா? (வாசகி, மதுரை)

பதில்: வெயிலுக்கு இல்ல, உண்ணி. ரத்தம் குடிக்கிற பாம்பு உண்ணி, கண்ணைச் சுத்தி, தாடைக்குக் கீழ, செதில் இடுக்குல பாருங்க, வெள்ளை டிஷ்யூவால தடவினா கறுப்பும் சிவப்புமா ஒட்டும். பாம்பை மட்டும் குளிப்பாட்டிட்டு விட்டா பத்து நாள்ல திரும்ப வரும், ஏன்னா முட்டை பாம்பு மேல இல்ல, பெட்டி இடுக்குல இருக்கு. அடியில போட்டிருக்கிறதை மொத்தமா கட்டி வெளிய எறிங்க, பெட்டியை சுடுதண்ணில கழுவிக் காய வச்சு, கொஞ்ச நாள் வெறும் பேப்பர் மேல வளருங்க. நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்ப்ரே அடிக்காதீங்க, டாக்டர் சொல்ற மருந்தை சொல்ற இடைவெளில திரும்பப் போடணும். அசட்டையா விட்டா ரத்தசோகை, அதோட ஏரோமோனாஸ் பாக்டீரியாவையும் இது பரப்பும்.

கேள்வி: பேரன் வெளிநாட்டுப் பாம்பு ஒண்ணு வச்சிருக்கான், பேரே பால் பைத்தானாம். ஒரு மாசமா இரை எடுக்கல. வயித்துச் சூடா இருக்கும், கொஞ்சம் பால் வைடான்னா கேக்க மாட்டேங்கிறான். நீயே சொல்லும்மா. (ஒரு பாட்டி, கும்பகோணம்)

பதில்: பாட்டி, அந்தப் பால் வேற, இங்கிலீஷ்ல பந்து, பயந்தா தலையை உள்ள வச்சு பந்து மாதிரி சுருண்டுக்கும். பேரன் சொல்றது சரிதான். புத்துக்குப் பால் ஊத்துறது நம்ம நம்பிக்கை, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஆனா பாம்பு குட்டிக்குப் பால் குடுக்கிற இனமே இல்ல, அதோட குடலுக்குப் பால் செரிக்காது. தாகத்துல தவிக்கிற பாம்பு எது வச்சாலும் குடிக்கும், குடிச்சுட்டு வயிறு கெடும். நல்ல தண்ணி வைக்கச் சொல்லுங்க. பால் பைத்தான் மாசக்கணக்கா இரை எடுக்காம இருக்கிறது சகஜம், எடை குறையாம இருந்தா விட்டுடுங்க, குறைஞ்சா எச்சத்தோட டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க.

கேள்வி: கான்பராவில ஒரு பெண் மூளையில பாம்புப் புழு இருந்துச்சுன்னு படிச்சதிலருந்து மனைவி எங்க கார்பெட் பைத்தானை வீட்ல வைக்கவே விட மாட்டேங்கிறாங்க. (வாசகர், மெல்பேர்ன்)

பதில்: நியாயமான பயம்தான், ஆனா அந்தக் கேஸை முழுசா தெரிஞ்சுக்கணும். 64 வயசுப் பெண், நியூ சவுத் வேல்ஸ், 2021ல வயித்து வலி, வயித்துப்போக்குல ஆரம்பிச்சு, அப்புறம் இருமல், ராத்திரி வேர்வை, கடைசியா மறதி, மன அழுத்தம். 2022 ஜூன்ல கான்பரா ஆஸ்பத்திரில டாக்டர் ஹரி பிரியா பண்டி ஆபரேஷன் பண்ணும்போது மூளையிலருந்து 8 சென்டிமீட்டர் புழுவை உயிரோட எடுத்தாங்க. ஓஃபிடாஸ்காரிஸ் ராபர்ட்சி, கார்பெட் பைத்தான் வயித்துல வாழுற உருண்டைப்புழு, மனுஷங்ககிட்ட பாத்தது உலகத்துலயே அதுதான் மொதல் தடவை. அவங்க பாம்பு வளக்கல. ஏரிக்கரையில காட்டுப் பாம்பு நடமாடுற இடத்துல கீரை பறிச்சு சமைச்சிருக்காங்க, பாம்பு எச்சத்துல இருந்த முட்டை கீரை வழியாவோ கை வழியாவோ போயிருக்கும்னு டாக்டர்கள் சொன்னாங்க.

இந்தப் புழுவோட வழக்கமான பாதை என்னன்னா, பாம்பு எச்சத்துல முட்டை, அதை எலியோ, போசம்ங்கிற ஆஸ்திரேலியப் பிராணியோ தின்னும், அதுங்க உடம்புல குட்டிப்புழு, அதைப் பாம்பு தின்னா வட்டம் முடியும். உங்க பாம்பு கூண்டுலயே பொறந்து, உறைய வச்ச எலி மட்டுமே சாப்பிட்டிருந்தா அந்த வட்டம் ஏற்கனவே அறுந்துடுச்சு. காட்டுலருந்து வந்ததா, தோட்டத்து எலியைப் பிடிச்சுக் குடுக்குற பழக்கம் இருக்கா, அப்ப நிலைமை வேற. எதுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை எச்சம் டெஸ்ட் எடுத்து அந்த ரிப்போர்ட்டை மனைவி கையில குடுங்க. கீரையை நல்லா அலசுறதையும் விட்டுடாதீங்க.

கேள்வி: நான் நாலு மாசம் கர்ப்பம். கணவர் பாம்பு வளக்கிறார். பாம்பு நல்லாத்தான் இருக்கு, டெஸ்ட்ல சால்மோனெல்லான்னு வந்திருக்கு. ஆன்டிபயாட்டிக் குடுத்து சரி பண்ணிடலாமா டாக்டர்? (வாசகி, லண்டன்)

பதில்: குடுக்காதீங்கம்மா, அது போகாது. நிறைய பாம்பு வயித்துல சால்மோனெல்லா குடியிருக்கும், பாம்புக்கு அது நோயே இல்ல, மருந்து குடுத்தா மருந்துக்கு அசையாத கிருமிதான் மிஞ்சும். மாத்த வேண்டியது வீட்டுப் பழக்கத்தை. குழந்தை பொறக்கிற வரைக்கும் நீங்க பாம்பையும் அதோட பெட்டியையும் தொடவே வேணாம். கிண்ணத்தை சமையலறை சிங்க்ல கழுவக் கூடாது. எலிப் பாக்கெட்டும் மீன், இறைச்சி, ஐஸ்கிரீமும் ஒரே ஃப்ரீசர்ல இருக்கக் கூடாது, உறைஞ்சா சால்மோனெல்லா சாகாது, எலி மூலமாவே நிறைய பேருக்குப் பரவியிருக்கு. எலியை மைக்ரோவேவ்ல வைக்கிறவங்களும் இருக்காங்க, அதை வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே கேட்டுடுங்க. உங்களுக்குக் காய்ச்சலோட வயித்துப்போக்கு வந்தா, வீட்ல பாம்பு இருக்குன்னு பிரசவம் பாக்குற டாக்டர்கிட்ட மொத வார்த்தையா சொல்லுங்க. குழந்தை பொறந்த அப்புறமும் அதுக்கு அஞ்சு வயசு ஆகுற வரைக்கும் இந்த ஏற்பாடு தொடரணும், பாம்பைத் தொட்ட கையோட உங்க வீட்டுக்காரர் தொட்டில் பக்கம் வரக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் மாத்திட்டு வரட்டும்.